வயிற்றில் கை வைத்துக் கற்ற இங்கிலீஷ்

“நான் எப்படி கண்ணு முப்பத்தாறா இருப்பேன்? முப்பத்தாறு எனக்கு இருக்குது. அவ்ளோதானே?”

செல்வம்மாள் அக்கா என்னிடம் இப்படிக் கேட்டார். போன வருஷம், அதாவது ஐம்பத்தேழாம் வருஷம், நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறி, கிருஷ்ணகிரியில் மாமா வீட்டிலிருந்து வேப்பனப்பள்ளிக்குத் திரும்பியிருந்த நேரம் அது. வயதைச் சொல்லும்போது ‘ஐ ஆம் தர்ட்டி சிக்ஸ்’ என்று சொல்ல வேண்டும், ‘ஐ ஹேவ் தர்ட்டி சிக்ஸ் இயர்ஸ்’ என்று சொல்லக் கூடாது என்பது எனக்குத் தெரியும். ஏன் என்பது தெரியாது.

“பிரெஞ்சுல ‘எனக்கு இத்தன வருஷம் இருக்குது’ன்னுதான் சொல்லணும். தமிழ்லயும் ‘எனக்கு இத்தன வயசு’ன்றோம். இங்கிலீஷ்காரன் மட்டும் ஏன் தானே வயசா மாறிப் போறான்?”

“புஸ்தகத்துல அப்படித்தான்கா போட்டிருக்குது.”

“அப்ப புஸ்தகத்தைத்தான் கேக்கணும்” என்று சிரித்தார்.

அக்காவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அவர் பிறந்தது காவேரிப்பட்டினத்தில். அவர் நடை பழகும் வயதிலேயே அப்பா நூலாலை வேலைக்காகக் குடும்பத்தோடு புதுச்சேரிக்குப் போய்விட்டார். அப்போது அது பிரெஞ்சுக்காரர்களின் ஊர். அக்கா படித்தது பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில். பிரசவம் பார்க்கப் பயிற்சி பெற்றதும் அங்கேயே ஓர் ஆஸ்பத்திரியில், பிரெஞ்சில். தாய்மாமன் மகன் பெருமாளைக் கட்டிக்கொண்டார். அவரும் அதே ஆலையில்தான் வேலை பார்த்தார். புதுச்சேரி நம் நாட்டோடு சேர்ந்த சமயத்தில் பெருமாள் அண்ணனின் அப்பா காலமானார். வேப்பனப்பள்ளியில் இருந்த மாந்தோப்பைப் பார்க்க ஆள் இல்லை. இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தார்கள்.

வந்த புதிதில் ஊர் அவருக்கு வைத்த பெயர் சோப்பு நர்சம்மா. எந்த வீட்டுக்குப் பிரசவத்துக்குக் கூப்பிட்டாலும், வாசலில் நின்று முதலில் சோப்புக் கேட்பார். காபி கொண்டு வந்தால், “காபி அப்புறம், சோப்பு மொதல்ல” என்பார். முழங்கை வரைக்கும் கழுவி முடிக்கும்வரை உள்ளே காலெடுத்து வைக்க மாட்டார். நாடி பிடித்து எண்ணும்போது பிரெஞ்சில்தான் எண்ணுவார். “அங், தெ, த்ருவா” என்று அவர் முணுமுணுப்பதைக் கேட்ட பெண்கள் அதை ஏதோ மந்திரம் என்றே நினைத்தார்கள். வயிற்றுவலிக்கும் அந்த மந்திரம் போடச் சொல்லி இரண்டு பேர் வந்து நின்ற கதை எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரியும்.

எங்கள் ஊரிலிருந்து ஒரு பக்கம் நடந்தால் ஆந்திரா, இன்னொரு பக்கம் நடந்தால் மைசூர் ராஜ்யம். ஆந்திராவின் குப்பம் ஊர்ப் பக்கத்திலிருந்து வரும் மருமகள்கள் தெலுங்கு பேசுவார்கள். மாலூர்ப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் கன்னடம் பேசுவார்கள். ஒரு வருஷத்தில் எல்லாருமே தமிழ் பேசக் கற்றுக்கொள்வார்கள். ஆனால் பிரசவ வலி வரும்போது தமிழ் போய்விடும், தாய்வீட்டுப் பேச்சுதான் வாயில் வரும். இங்கே இன்னொரு பழக்கமும் உண்டு. யார் எந்த மொழியில் பேசினாலும் அந்த மொழியிலேயே பதில் சொல்ல வேண்டும். அதுதான் மரியாதை. புளி வாங்க வந்தவர் தெலுங்கில் விலை கேட்டு, நாம் தமிழில் பதில் சொன்னால், கொடுக்க விருப்பமில்லை என்று எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுவார். அக்கா வந்த கொஞ்ச நாளிலேயே தெலுங்கும் கன்னடமும் பேச ஆரம்பித்ததற்கு இந்தப் பழக்கம்தான் காரணம்.

போன வருஷம் ஆனி மாதம் ஒரு செய்தி வந்தது. வேப்பனப்பள்ளியில் தாய் சேய் நல விடுதி திறக்கப் போகிறார்கள். அங்கே வேலை பார்க்க அனுமதி பெற்ற மருத்துவச்சி வேண்டும். அனுமதி இல்லாதவர்கள் இனிமேல் யார் வீட்டிலும் பிரசவம் பார்க்கக் கூடாது. அக்காவின் படிப்புப் பத்திரமோ பிரெஞ்சில் இருந்தது. அதை வாசிக்கத் தெரிந்தவர் ஜில்லாவில் யாரும் இல்லையாம். ஆகவே ஆடி மாதம் கிருஷ்ணகிரியில் அதிகாரிகள் குழு அவரை நேரில் வைத்து இங்கிலீஷில் கேள்வி கேட்கும் என்று சொல்லிவிட்டார்கள். தேறினால் விடுதி வேலை அவருக்கு. தேறாவிட்டால் அவருடைய படிப்புக்கு மதிப்புள்ள ஒரே இடம் புதுச்சேரிதான். பெருமாள் அண்ணன் தோப்பைக் குத்தகைக்கு விடுவதைப் பற்றி வெளியூர்க்காரர் ஒருவரிடம் பேச்சே ஆரம்பித்துவிட்டார்.

“எனக்குத் திரும்பிப் போவ இஷ்டமில்ல” என்றார் அக்கா. “இங்க என்னைக் கூப்பிடறாங்க. அங்க நூறு பேர் இருக்காங்க.”

நான் சொல்லிக்கொடுக்கிறேன் என்று ஒத்துக்கொண்டேன். பள்ளிக்கூடம் முடிந்த பெண்பிள்ளையாக வீட்டில் உட்கார்ந்திருப்பது எனக்கு முள்மேல் இருப்பதைப் போல இருந்தது. ஏதாவது ஒரு வேலை வேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்தேன். தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பள்ளிக்கூட இலக்கணப் புத்தகத்தோடு அக்காவின் வீட்டுக்குப் போனேன்.

அக்காவுக்கு இங்கிலீஷ் சொற்கள் நிறையத் தெரிந்திருந்தன. பிரெஞ்சிலும் இங்கிலீஷிலும் ஒரே மாதிரி சொற்கள் பல இருப்பதுதான் காரணம். ஆனால் அவற்றைச் சேர்க்கும் விதம் பிரெஞ்சாக இருந்தது. பசிக்கிறது என்பதற்கு ‘ஐ ஹேவ் ஹங்கர்’ என்பார். சம்மதம் என்பதற்கு ‘ஐ ஆம் அக்ரீ’ என்பார்.

“இல்லக்கா. ‘ஐ அக்ரீ’. நடுவுல ‘ஆம்’ கூடாது.”

“வயசுக்கு ‘ஆம்’ போடுன்ன. பசிக்கு ‘ஆம்’ போடுன்ன. ஒத்துக்கறதுக்கு மட்டும் ‘ஆம்’ வேணான்ற. உங்க இங்கிலீஷ்காரனுக்கு ஒரே பேச்சு கெடையாதா?”

ரெண்டு நாளாக வலிக்கிறது என்பதற்கு ‘ஃபார் டூ டேஸ்’ என்று வர வேண்டும். அவருக்கு ‘சின்ஸ் டூ டேஸ்’ என்றுதான் வரும். குழந்தை, வலி, காய்ச்சல் என்று எதைச் சொன்னாலும் முன்னால் ஒரு ‘தி’ நிற்கும். எல்லாவற்றுக்கும் மேலாக ‘ஹ’ அவர் வாயில் வரவே வரவில்லை. பிரெஞ்சில் அந்த எழுத்தை எழுதுவார்களாம், சொல்ல மாட்டார்களாம். ‘ஹேண்ட்’ என்பது ‘ஏண்ட்’ ஆயிற்று. ‘ஹாஸ்பிட்டல்’ என்பது ‘ஆஸ்பித்தால்’ ஆயிற்று.

“அக்கா, வலி வரும்போது பொம்பளைங்கள ‘ஹா’ன்னு மூச்சு விடச் சொல்றீங்களே?”

“ஆமா.”

“அதே மூச்சுதான். அந்த மூச்ச விட்டுக்கினே ‘ஏண்ட்’ சொல்லுங்க.”

அக்கா ஒரு முறை மூச்சு விட்டார். “ஹா... ஹேண்ட்.” பிறகு கண்கள் விரிய என்னைப் பார்த்தார். “அட, இவ்ளோதானா? இதையா இத்தன நாளா அந்தப் புஸ்தகத்துல தேடின?”

இப்படித் திருத்திக்கொண்டே போனால் ஆடிக்குள் முடியாது என்று எனக்குப் பட்டது. ஆகவே பெரிய அதிகாரிகளுக்குப் பொருத்தமாக ஒரு நீண்ட பேச்சை எழுதினேன். புதுச்சேரியில் பெற்ற பயிற்சி, செய்த சேவை, இனிச் செய்யவிருக்கும் சேவை எல்லாம் அதில் இருந்தன. அக்கா அதை மனப்பாடம் செய்து எங்கள் வீட்டு முற்றத்தில் ஒப்பித்துக் காட்டினார். என் அப்பா அங்கே மாம்பழக் கூடைகளுக்கு வைக்கோல் வைத்துக்கொண்டிருந்தார். அத்தா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். பெயர் சாந்த் பாஷா, கோலார் தங்கவயலில் சட்டைக்கார, அதாவது ஆங்கிலோ இந்தியத் துரைசானிகளின் வீடுகளுக்குப் பழம் கொண்டுபோய் விற்பவர்.

“நல்லாத்தான் இருக்குது தங்கச்சி” என்றார் அத்தா. “ஆனா பாதியில அவங்க தூங்கிடுவாங்க.”

“அத்தா!”

“நான் தங்கவயல்ல இன்னா பேசறேன்? ‘டோன்ட் கட் இட் டுடே, மேடம். ஈட் இட் ஃப்ரைடே.’ பழம் கையில இருக்கும், அந்தம்மா எதிர்ல இருக்கும். முடிஞ்சுது.”

“இது மாம்பழ வியாபாரம் இல்லத்தா.”

“தெரியுது. நீ சரக்கே இல்லாம வியாபாரம் பண்ற.”

எனக்குக் கோபம் வந்தது. உள்ளே போய்விட்டேன்.

மறுநாள் அக்கா வீட்டுக்குப் போனபோது பாடம் நடக்கவில்லை. நாகம்மா வந்திருந்தாள். மாலூர்ப் பக்கத்துப் பெண். இங்கே கல்யாணமாகி வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது, ஏழு மாதக் கர்ப்பிணி. பாயில் படுத்திருந்தாள். அக்கா சோப்புப் போட்டுக் கழுவிய கையை அவள் வயிற்றில் வைத்து, “நோவு இதெயா? எல்லி?” என்று கன்னடத்தில் கேட்டுக்கொண்டிருந்தார். வலி இருக்கிறதா, எங்கே என்று அர்த்தம். அவள் ஒரு சொல் சொன்னாள், இவர் ஒரு சொல் சொன்னார். தயக்கம் இல்லை, யோசனை இல்லை. பிரெஞ்சு வாடையே அதில் இல்லை.

“அக்கா, கன்னட இலக்கணம் யாருகிட்ட படிச்சீங்க?”

“இலக்கணமா? நல்லா கேட்ட போ. வயித்து மேல கை வச்சா இன்னா கேக்கணும்னு கைக்கே தெரியும். அதுக்கு வேண்டிய சொல்லை இவங்ககிட்டயே வாங்கிக்கறதுதான்.”

எனக்கு அத்தா சொன்ன சரக்கு என்பது அப்போதுதான் விளங்கியது. புத்தகத்தை மூடி வைத்தேன்.

“கைய எடுக்காதீங்க. இப்ப அதையே இங்கிலீஷ்ல கேளுங்க. ‘வேர் டஸ் இட் ஹர்ட்?’”

அக்கா நாகம்மாவின் முகத்தைப் பார்த்து, “வேர் டஸ் இட் ஹர்ட்?” என்று கேட்டார். ‘ஹ’ தானாகவே வந்து விழுந்தது.

நாகம்மா பயந்து எழுந்திருக்கப் பார்த்தாள். “ஐயய்யோ, இதேனு? எம்புள்ள தொர மாதிரி தொப்பி போட்டுக்கினு பொறக்கப் போவுதா?”

“பொறந்தா பொறக்கட்டும், நீ படு.”

அன்றிலிருந்து பாடம் அப்படியே நடந்தது. அந்த நீண்ட பேச்சைக் கிழித்து அடுப்பில் போட்டேன். நாகம்மா பாயில் படுத்துக்கொள்வாள். அக்கா எதைச் சொன்னாலும் அதைக் கையால் செய்ய வேண்டும், செய்யாததைச் சொல்லக் கூடாது. இதுதான் நாங்கள் வைத்துக்கொண்ட ஒரே விதி. திரும்பிப் படு, மூச்சு விடு, இப்போது முக்காதே, என்னைப் பார். எல்லாம் மூன்று நான்கு சொற்கள்தான். எத்தனை நாளாக வலி என்று கேட்டு, நாகம்மா விரல் காட்டியதும் ‘ஃபார் டூ டேஸ்’ என்று திருப்பிச் சொல்லுவார். ‘ஐ ஆம் அக்ரீ’ என்பது காணாமலே போயிற்று. கர்ப்பிணியிடம் யாரும் சம்மதம் தெரிவிப்பதில்லை, ‘யெஸ்’ போதும். நாகம்மாவும் சும்மா இருக்கவில்லை. “நாட் யெட், நாட் யெட்” என்று தெருவில் ஆடுகளை விரட்ட ஆரம்பித்தாள்.

கேள்வி கேட்கும் நாள் வந்தது. அக்காவோடு நானும் அத்தாவும் கிருஷ்ணகிரிக்கு பஸ் ஏறினோம். பெருமாள் அண்ணன் வரவில்லை. தோப்பைக் குத்தகைக்குக் கேட்டவர் அன்று மாலை முடிவு கேட்டு வருவதாகச் சொல்லியிருந்தார்.

பயணியர் பங்களாவில் மேஜைக்குப் பின்னால் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் குழுத் தலைவர், மூக்குக் கண்ணாடி போட்டவர். ஒரு பக்கம் வாய் திறக்காத ஓர் அதிகாரி. மறுபக்கம் ஒரு லேடி டாக்டர். நாங்கள் வராந்தாவில் திறந்திருந்த ஜன்னலுக்கு அருகில் நின்றோம்.

தலைவர் முதலில் வயதைக் கேட்டார்.

“ஐ ஆம் தர்ட்டி சிக்ஸ், சார்.”

அத்தா என் தோளைத் தட்டினார்.

அடுத்து, உன் பயிற்சியைப் பற்றி விவரமாகச் சொல் என்றார். இங்கேதான் வண்டி குடை சாய்ந்தது. எதிரில் கர்ப்பிணி இல்லை, கையில் வேலை இல்லை. அடுப்பில் போட்ட அந்தப் பேச்சு அக்காவுக்கு நினைவு வந்துவிட்டது. அதில் பாதியும் பிரெஞ்சில் பாதியுமாகக் கலந்து, ‘ஐ ஹேவ் தி ஆனர்’ என்று ஆரம்பித்து, எங்கெங்கோ சுற்றி நின்றுபோனார். தலைவர் பேனாவை மூடி வைத்தார்.

லேடி டாக்டர் பக்கத்தில் நின்ற பியூனிடம் திரும்பி, “பாப, பயபட்டித்தாளெ. நீரு கொடு” என்று மெதுவாகச் சொன்னார். பாவம், பயந்திருக்கிறாள், தண்ணீர் கொடு என்று அர்த்தம்.

அக்காவின் காதில் அது விழுந்தது. கன்னடத்தில் பேசினால் கன்னடத்தில்தானே பதில் சொல்ல வேண்டும்? “பய இல்லம்மா. நீரு நிமகே இர்லி” என்றார். பயமில்லை, தண்ணீர் உங்களுக்கே இருக்கட்டும் என்று, வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசுவதைப் போல.

தலைவர் நிமிர்ந்தார். இது இங்கிலீஷ் பரீட்சை, நீ எந்த மொழியில் பேசிக்கொண்டிருக்கிறாய் என்று இங்கிலீஷில் அதட்டினார்.

“போச்சு” என்றார் அத்தா என் காதில். “நல்லா நம்மூர்க்காரி ஆயிடுச்சு, பாரு. அந்தப் பழக்கமே கெடுத்துடுச்சு.”

அக்கா தலை குனியவில்லை. “சாரி, சார்” என்றார். டாக்டரம்மா கன்னடம் பேசினார், எங்கள் ஊரில் அப்படித்தான் பதில் சொல்வோம் என்று சின்னச் சின்ன வாக்கியங்களாகச் சொன்னார். பிறகு, “ஐ ஸ்பீக் வெல் டு எ பேஷண்ட். கேன் ஐ ஹேவ் எ பேஷண்ட், ப்ளீஸ்?” என்று கேட்டார். நோயாளியிடம் நன்றாகப் பேசுவேன், ஒரு நோயாளி கிடைப்பாரா?

இங்கே நோயாளிக்கு நான் எங்கே போவேன் என்றார் தலைவர். லேடி டாக்டர் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். சுவரோரம் இருந்த பெஞ்சில் வந்து உட்கார்ந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, “ஆஸ்க் மீ” என்றார்.

அக்கா கிட்டே போகவில்லை. நின்ற இடத்திலிருந்தே, “ஃபர்ஸ்ட், சோப், ப்ளீஸ்” என்றார்.

பியூன் குளியலறைக்கு ஓடினான். தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அக்கா அவசரப்படாமல் முழங்கை வரைக்கும் கழுவினார். பிறகு டாக்டரின் முன்னால் உட்கார்ந்தார்.

“கிவ் மீ யுவர் ஹேண்ட், மேடம்.”

அந்த ‘ஹ’வைக் கேட்டதும் எனக்குத் தைரியம் வந்தது. இனித் தப்பாக எதுவும் நடக்காது என்று தோன்றிவிட்டது.

எங்கே வலிக்கிறது, எவ்வளவு நேரமாக, பனிக்குடம் உடைந்துவிட்டதா என்று அக்கா கேட்டுக்கொண்டே போனார். டாக்டர் விடவில்லை. இப்போதே முக்கப் போகிறேன் என்று இங்கிலீஷில் முனகினார்.

“நாட் யெட். லுக் அட் மீ. ப்ரீத் வித் மீ. ஹா...”

டாக்டரும் “ஹா” என்று மூச்சு விட்டார். அதற்குப் பிறகு யாரும் எதிர்பாராத ஒரு வேலை செய்தார். திடீரென்று கன்னடத்தில் கதறினார். “ஆகல்லம்மா! நன்ன கையல்லி ஆகல்ல!” என்னால் முடியாது, முடியவே முடியாது!

அக்கா ஒரு கணமும் தயங்கவில்லை. “ஆகுத்தெ, ஆகுத்தெ” என்று கன்னடத்திலேயே தேற்றினார். பிடித்த கையை விடாமல், தலையை மட்டும் தலைவர் பக்கம் திருப்பிச் சொன்னார்:

“ஷீ சேஸ் ஷீ கான்ட். ஐ டோல்ட் ஹர் ஷீ கேன்.”

முடியாது என்கிறாள், முடியும் என்று சொல்லியிருக்கிறேன்.

தலைவர் பேனாவைத் திறந்தார். பிள்ளை பிறந்த பிறகு ரத்தம் நிற்காவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டார். அக்கா டாக்டரின் அடிவயிற்றுக்கு மேலே காற்றில் கையால் தேய்த்துக் காட்டினார். பிள்ளையைத் தாயின் மார்பில் போடுவேன், ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்புவேன் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். கடைசியாக, “ஐ டோன்ட் லீவ் ஹர்” என்றார். அவளை விட்டுப் போக மாட்டேன். நடுவில் ஒரு ‘சின்ஸ்’ தப்பாக வந்தது. வேண்டாத இடத்தில் ‘தி’ வந்தது. அவர்கள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. பக்கத்தில் இருந்த அதிகாரி அப்போதுதான் முதல்முறையாக வாய் திறந்து, வேப்பனப்பள்ளியில் தெலுங்குக்காரர்களும் உண்டல்லவா என்றார். உண்டு, அவர்களிடம் தெலுங்கில் பேசுகிறேன் என்றார் அக்கா.

தலைவர் அங்கேயே முடிவைச் சொல்லிவிட்டார். வேலை கொடுக்கலாம். ஆனால் ஒரு வருஷத்துக்குள் அறிக்கைகளை இங்கிலீஷில் எழுதக் கற்க வேண்டும், அதற்குச் சொல்லிக்கொடுக்க யாராவது இருக்கிறார்களா?

“யெஸ், சார். ஷீ இஸ் அவுட்சைட். ஷீ இஸ் லிசனிங்” என்று அக்கா ஜன்னலைக் கை காட்டினார்.

நான் சட்டென்று குனிந்தேன். அத்தா குனியவில்லை, உள்ளே பார்த்து ஒரு சலாம் போட்டார்.

மாலையில் நாங்கள் ஊர் திரும்பியபோது குத்தகை கேட்டவர் அக்கா வீட்டில் உட்கார்ந்திருந்தார். அக்காவின் முகத்தைப் பார்த்ததுமே பெருமாள் அண்ணனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அந்த மனிதருக்கு இன்னொரு காபி கொடுத்து, தோப்பு கொடுப்பதற்கில்லை என்று அவருடைய தெலுங்கிலேயே நயமாகச் சொல்லி அனுப்பி வைத்தார்.

புரட்டாசியில் விடுதி திறந்தது. அங்கே பிறந்த முதல் குழந்தை நாகம்மாவுடையது. அவள் கத்திய கன்னடம் தெருமுனை வரைக்கும் கேட்டது. அக்காவும் கன்னடத்தில்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் கடைசி நேரத்தில் கொஞ்சம் பொறு என்று சொன்னதும் நாகம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. “இன்னும் எத்தன நாட் யெட்டுக்கா!” என்று அலறினாள். பெண் குழந்தை. வெளியே நின்ற எனக்கு முதலில் கேட்டது அதன் அழுகை, அடுத்துக் கேட்டது நாகம்மாவின் குரல். “தொப்பி இல்லையேக்கா?”

இப்போது அக்கா வாரம் ஒருமுறை அறிக்கை எழுதுகிறார், நான் திருத்துகிறேன். விடுதியில் சம்பளத்துக்கு எழுத்து வேலை பார்க்க என்னையும் கேட்டிருக்கிறார்கள். அத்தா யோசிக்கிறேன் என்றிருக்கிறார், மறுக்கவில்லை. முப்பத்தாறாக ஒரு மனுஷி எப்படி இருக்க முடியும் என்ற கேள்விக்கு எனக்கு இன்றைக்கும் பதில் தெரியாது. அக்காவும் பிறகு அதைக் கேட்கவில்லை. அவருக்கு இப்போது முப்பத்தேழு. யாராவது கேட்டால் யோசிக்காமல் ‘ஐ ஆம் தர்ட்டி செவன்’ என்று சொல்லிவிட்டுச் சோப்பைத் தேடப் போய்விடுகிறார்.

இதைப் படிக்கிற உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். புதுச்சேரியிலிருந்தோ காரைக்காலிலிருந்தோ வந்து, கைநிறைய வேலை தெரிந்தும் இங்கிலீஷுக்குப் பயந்து வீட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் உங்கள் ஊரிலும் இருக்கலாம். அவர்களுக்கு செல்வம்மாள் அக்காவின் கதையைச் சொல்லுங்கள். கேட்கிறவர் தெலுங்கு பேசுகிறவரானால் தெலுங்கில் சொல்லுங்கள், கன்னடம் பேசுகிறவரானால் கன்னடத்தில் சொல்லுங்கள்.